ரோமின் எண்ணெய்க் குப்பைமேடு: சாப்பாடு எங்கிருந்து வந்தது, பில் யார் கட்டினார்கள்?

இன்னைக்கு எபிசோடை ஒரு குப்பைமேட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ரோம் நகரத்தில் டெஸ்டாச்சோ என்று ஒரு பகுதி இருக்கிறது. ராத்திரி ஆனால் இளைஞர்கள் கூடுகிற இடம். கிளப், பார், சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரு சின்ன மலையைச் சுற்றி, அதன் அடிவாரத்தைக் குடைந்து கட்டியிருக்கிறார்கள். சில கடைகளில் பின்சுவர் கண்ணாடியில் இருக்கும். அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பாறை தெரியாது, மண்ணும் தெரியாது. அடுக்கடுக்காக உடைந்த பானை ஓடுகள்தான் தெரியும்.

ஆமாங்க, அந்த மலை முழுக்கப் பானை ஓடு. பெயரே மோன்டே டெஸ்டாச்சோ. லத்தீனில் 'டெஸ்டா' என்றால் பானை ஓடு. உயரம் சுமார் 35 மீட்டர், அதாவது பத்து மாடிக் கட்டடம் அளவுக்கு. சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டர் நடக்கணும். இதில் எத்தனை ஜாடிகளின் ஓடுகள் இருக்கும் என்று பல மதிப்பீடுகள் உண்டு. ஒரு மதிப்பீடு 5 கோடிக்கும் மேல் போகிறது.

பெரும்பாலும் அதெல்லாம் ஒரே பொருள் வந்த ஜாடிகள். ஆலிவ் எண்ணெய்.

இந்த எபிசோடில் நாம பேசப்போறது இதுதான். பழைய ரோமில் ஒரு சாதாரண ஆள் தினமும் என்ன சாப்பிட்டார், அது எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது, அந்தத் தூரத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்.

லேபிள் ஒட்டிய ஜாடி

முதல்ல அந்த ஜாடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ரோமானியர்கள் இதை ஆம்ஃபோரா என்றார்கள். இரண்டு கைப்பிடி வைத்த பெரிய மண் ஜாடி. டெஸ்டாச்சோவில் கிடைக்கும் வகை நல்லாக் கொழுத்த உருண்டை வடிவம். காலி ஜாடியே 30 கிலோ எடை. உள்ளே 70 லிட்டர் போல எண்ணெய் பிடிக்கும். ரெண்டையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 100 கிலோ. ஒரு ஆளால் தூக்க முடியாது.

1870-களில் ஹைன்ரிக் டிரெசல் என்ற ஜெர்மன் அறிஞர் இந்த மேட்டை ஆராய ஆரம்பித்தார். ஓடுகளின் மேல் மையால் எழுதிய எழுத்துகள் இன்னும் அழியாமல் இருப்பதைக் கவனித்தார். ஒவ்வொன்றையும் படித்தார். காலி ஜாடியின் எடை, எண்ணெயின் எடை, அனுப்பிய வியாபாரியின் பெயர், சோதித்த அலுவலகம் இருந்த ஊர், அந்த ஆண்டின் கான்சல்கள் பெயர். கான்சல் பெயர் இருந்தால் வருஷத்தைச் சரியாகச் சொல்லிவிடலாம். இன்னைக்கு ஒரு பார்சலை வாங்கினால் அதன் மேல் எடை, அனுப்புநர், தேதி, ஸ்கேன் செய்த ஊர் எல்லாம் இருக்கும்ல, ஏறக்குறைய அதேதான்.

அந்த ஊர்ப் பெயர்களை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான ஜாடிகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: தெற்கு ஸ்பெயின். அப்போது அதற்கு பைட்டிகா மாகாணம் என்று பெயர். இன்றைய குவாடல்கிவிர் ஆற்றின் கரை நெடுக ஆலிவ் தோப்புகளும், பக்கத்திலேயே ஜாடி சுடும் சூளைகளும் இருந்தன. எண்ணெயை ஜாடியில் நிரப்பிப் படகில் ஏற்றுவார்கள். ஆற்றோடு கடலுக்கு வந்து, பெரிய கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்து, ரோமின் துறைமுகத்தில் இறங்கும். மறுபடி படகு மாறி டைபர் ஆற்றில் மேலே வந்து, இந்த மேட்டுக்குப் பக்கத்தில் இருந்த படித்துறையில் கரை சேரும். மீதி ஜாடிகளில் பெரும்பங்கு வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை, இன்றைய துனிசியா, லிபியா பக்கம்.

சரி, ஏன் உடைத்துப் போட்டார்கள்? மது வந்த ஜாடியைக் கழுவி வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் அப்படி இல்லை. மண்ணுக்குள் ஊறி, சிக்குப் பிடித்து நாறும். கழுவினாலும் போகாது. அதனால் எண்ணெயைப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிட்டு ஜாடியை உடைத்து, ஓட்டை வரிசையாக அடுக்கி, நாற்றம் போக மேலே சுண்ணாம்பு தூவினார்கள். கண்டபடி கொட்டிய குப்பை இல்லை இது. யாரோ பொறுப்பில் இருந்து, மேடை மேடையாகக் கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து 260-கள் வரை ஓடு சேர்ந்துகொண்டே இருந்தது.

ஒரு ஊருக்கு இவ்வளவு எண்ணெய் எதுக்கு? சமையலுக்கு வேணும். விளக்குக்கு வேணும். பொதுக் குளியலிடத்தில் சோப்புக்குப் பதிலாக எண்ணெய் தேய்த்து, வளைந்த உலோகப் பட்டையால் வழித்துக் குளிப்பார்கள், அதுக்கும் வேணும். நம்ம ஊர் தீபாவளி எண்ணெய்க் குளியல் அவர்களுக்குக் கிட்டத்தட்ட தினசரி வேலை. ஆளுக்கு வருஷத்துக்கு 20 லிட்டர் போல ஆகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போடுகிறார்கள்.

பிளினியின் புலம்பல்

இப்போ ஒரு கேள்வி. ரோமின் தூரதேச வியாபாரம் என்று சொன்னவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பட்டு, முத்து, யானைத் தந்தம், மிளகு, தங்கக் காசு. இல்லையா?

அப்படி ஞாபகம் வர ஒரு முக்கியக் காரணம் மூத்த பிளினி. ரோமானியப் பணக்காரர், கடற்படை அதிகாரி, பெரிய எழுத்தாளர். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர். அவர் எழுதிய 'இயற்கை வரலாறு' நூலில் ஒரு புலம்பல் வருகிறது. இந்தியா வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஷியஸ் பணத்தை ரோமிடமிருந்து உறிஞ்சுகிறது, இந்தியா, சீனா, அரேபியா மூன்றையும் சேர்த்தால் 10 கோடி, நம் ஆடம்பரமும் நம் பெண்களும் நமக்கு இவ்வளவு செலவு வைக்கிறார்கள் என்கிறார். மிளகைப் பற்றியும் அவருக்கு நல்ல எண்ணம் இல்லை. காரத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது, அதற்காகப் போய் இந்தியா வரைக்கும் அலைகிறார்களே என்று அலுத்துக்கொள்கிறார்.

பள்ளிப் புத்தகத்திலிருந்து வாட்ஸ்அப் வரைக்கும் நாம் திரும்பத் திரும்பக் கேட்பது இந்தக் கணக்கைத்தான். அதில் உண்மையும் இருக்கு. ஆனால் எழுதியவர் ஒரு பணக்காரர். பணக்கார வீட்டு விருந்து அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்துத் தெருவில் மாடியறையில் வாடகைக்கு இருந்தவர் ரொட்டியை எதில் தொட்டுச் சாப்பிட்டார் என்பதில் அவருக்கு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. அதை டெஸ்டாச்சோ சொல்கிறது. நாலு பேர் விருந்துக்காக ஒரு மலை உருவாகாது. லட்சக்கணக்கான பேர் தினமும் எண்ணெய் வாங்கினால்தான் உருவாகும்.

எண்ணெய் மட்டும் இல்லை. பாம்பீ நகரத்தில் எரிமலைச் சாம்பலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. பிரித்து அடுக்கக்கூட நேரமில்லாமல் போன சரக்கு. உள்ளே சிவப்பாகப் பளபளக்கும் கிண்ணங்கள். தெற்கு பிரான்சில் லா கிராஃபசெங்க் என்ற இடத்தில் செய்தவை. அங்கே ஒரே சூளையில் ஒரு தடவைக்குப் பல ஆயிரக்கணக்கில் பாத்திரம் சுட்டார்கள். எந்தக் குயவர் எத்தனை வைத்தார் என்ற கணக்கை உடைந்த தட்டுகளின் மேலேயே கீறி வைத்திருக்கிறார்கள். அந்த வகைக் கிண்ணம் பிரிட்டனிலும் கிடைக்கிறது, வட ஆப்பிரிக்காவிலும் கிடைக்கிறது. ராஜா வீட்டுப் பாத்திரம் இல்லை அது. கடைக்காரர், சிப்பாய் வீட்டுத் தட்டு.

மிளகு யார் வீட்டுக்குப் போனது?

பிளினி திட்டிய அந்த மிளகையே எடுத்துக்குவோம். இதில் நமக்கு ஒரு நேரடித் தொடர்பும் இருக்கு.

மிளகு விளைந்தது மேற்குத் தொடர்ச்சி மலையில். அன்றைய சேர நாட்டுத் துறைமுகமான முசிறியில் ஏறும். அரபிக் கடலைக் கடந்து எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே அல்லது மியோஸ் ஹார்மோஸ் துறைமுகத்தில் இறங்கும். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி நைல் ஆற்றுக்கு வரும். பெரெனிகேயிலிருந்து அந்த நடை 12 நாள் என்று பிளினியே எழுதுகிறார். நைல் வழியாக அலெக்சாண்டிரியா, அங்கிருந்து மறுபடி கடல்.

பெரெனிகேயில் தோண்டியபோது ஒரு கோயில் வளாகத்தில் இந்தியாவில் செய்த ஜாடி ஒன்று கிடைத்தது. உள்ளே ஏழரை கிலோ கருமிளகு! இரண்டாயிரம் வருஷம் கழித்தும் மிளகாகவே இருந்தது. மியோஸ் ஹார்மோஸில் தமிழ் பிராமி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்று. கப்பலில் போனவர்களோ, சரக்குக்குச் சொந்தக்காரர்களோ, நம்ம பக்கத்து மனிதர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள்.

இதில் எவ்வளவு பணம் புரண்டது என்பதற்கு வியன்னாவில் ஒரு பாபிரஸ் இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டு ஆவணம். ஹெர்மபோலன் என்ற கப்பலில் முசிறியிலிருந்து வந்த சரக்கின் கணக்கு. மதிப்பு ரோமானியப் பணத்தில் சுமார் 70 லட்சம் செஸ்டர்ஷியஸ். அன்றைக்கு ஒருவர் செனட்டர் ஆக வேண்டும் என்றால் குறைந்தது 10 லட்சம் சொத்து காட்டணும். அப்படின்னா ஒரே கப்பலில் ஏழு செனட்டர் சொத்து. இதற்கு மேல் அரசாங்கம் 25 சதவீதம் சுங்கம் வாங்கியது. இறக்குமதி மேல் நாலில் ஒரு பங்கு! பணம் இந்தியாவுக்குப் போகுதே என்று பிளினி அழுதார். அதே வியாபாரத்தில் ரோம் அரசின் கல்லாவும் நிறைந்துகொண்டிருந்ததை அந்தப் புலம்பலில் அவர் சேர்க்கவில்லை.

சரி, அவ்வளவு தூரம் வந்த மிளகை யார் வாங்கினார்கள்? பிளினி விலையும் எழுதி வைத்திருக்கிறார். கருமிளகு ஒரு ரோமன் பவுண்டு, அதாவது 330 கிராம் போல, 4 தினாரி. அப்போது ஒரு ரோமானியப் படைவீரரின் வருஷச் சம்பளம் 225 தினாரி. கணக்குப் போட்டால் ஒரு பவுண்டு மிளகுக்கு ஆறேழு நாள் சம்பளம். விலை ஜாஸ்திதான். ஆனால் மிளகை யாரும் பவுண்டு கணக்கில் சாப்பிடறதில்லையே. கொஞ்சமா வாங்கி வைத்தால் ரொம்ப நாள் வரும்.

அப்படி வாங்கிய ஒரு ஆளின் பெயரே நமக்குத் தெரியும். வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்று ஒரு ரோமானிய ராணுவ முகாம். கி.பி. 100-ஐ ஒட்டிய காலம். அங்கே ஈர மண்ணில் மரத் தகடுகள் அழியாமல் கிடைத்தன. அஞ்சலட்டை அளவு, மையால் எழுதியவை. ஒரு கணக்குப் பட்டியலில் டாப்போவின் மகன் கம்பாக்ஸ் என்பவர் பெயருக்கு எதிரே மிளகு, 2 தினாரி என்று இருக்கிறது. அவர் தளபதி இல்லை. பட்டியலில் பல பேரில் ஒருவர். குளிரில், மழையில், பேரரசின் வட எல்லையில் காவலுக்கு நின்ற கூட்டத்தில் ஒருவர் நம்ம மலை மிளகை வாங்கியிருக்கிறார். அதுக்கும் நூறு வருஷம் முன்னாடியே, ஜெர்மனியில் ஓபராடன் என்ற ரோமானிய முகாமிலும் மிளகு கிடைத்திருக்கிறது.

பிளினி ஆடம்பரம் என்று திட்டிய பொருள் மெதுவாக அஞ்சறைப் பெட்டிச் சாமான் ஆகிக்கொண்டிருந்தது. ரோம் நகரத்தின் நடுவில் மிளகுக்கும் வாசனைப் பொருளுக்கும் என்றே ஒரு பெரிய கிடங்கை டொமிஷியன் பேரரசர் கட்டினார்.

பதினைந்து நாள் கோதுமை

மிளகு இல்லாமல் ஒரு நகரம் வாழ்ந்துவிடும். கோதுமை இல்லாமல் வாழாது. ரோம் அரசாங்கம் உண்மையாகவே பயந்தது இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

பேரரசர் அகஸ்டஸ் காலத்து ரோமில் சுமார் 10 லட்சம் பேர் இருந்தார்கள். ரயில் இல்லை, லாரி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. சுற்றுவட்டார வயல்களால் அவ்வளவு பேருக்குச் சோறு போட முடியாது. பேசாமல் இத்தாலியின் மற்ற பகுதியிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டு வரலாமே என்று தோணும். அங்கேதான் சிக்கல்.

கி.பி. 301-இல் டையோகிளீஷியன் பேரரசர் விலைக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்று போட்டார். ரொட்டி, செருப்பு, கூலி என்று எல்லாவற்றுக்கும் உச்சவரம்பு. அதில் சரக்குக் கட்டணமும் உண்டு. ஒரு மோடியஸ் கோதுமை 100 தினாரி. மோடியஸ் என்பது நம்ம படி, மரக்கால் மாதிரி ஒரு அளவு. அதே ஒரு மோடியஸை அலெக்சாண்டிரியாவிலிருந்து ரோமுக்குக் கப்பலில் கொண்டு வர 16 தினாரி. மத்தியதரைக் கடலையே கடக்கிற தூரம் அது. அதையே வண்டியில் 100 மைல் கொண்டு போனால், அந்த ஆணையின் வாடகைப்படி கோதுமையின் விலையில் பாதியோ அதற்கு மேலோ கூலிக்கே போய்விடும். ஆக, எகிப்து ரோமுக்குப் பக்கத்து ஊர், மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் இத்தாலிய கிராமம் தூரதேசம்!

அதனால் கோதுமை எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தது. எகிப்து ரோமுக்கு வருஷத்தில் நாலு மாதச் சோறு போடுகிறது, ஆப்பிரிக்கா எட்டு மாதம் போடுகிறது என்று வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ் எழுதுகிறார்.

வந்த கோதுமையில் ஒரு பகுதி இலவசம். நம்ம ரேஷன் மாதிரி. கி.மு. 123-இல் கையஸ் கிராக்கஸ் குறைந்த விலையில் தர ஆரம்பித்தார், கி.மு. 58-இல் அது இலவசமாகவே ஆனது. அகஸ்டஸ் பட்டியலை 2 லட்சம் ஆண்களோடு நிறுத்தினார். ஆளுக்கு மாதம் 5 மோடியஸ், நம்ம கணக்கில் 33 கிலோ போல. குடியுரிமை உள்ள, ரோமிலேயே குடியிருக்கிற ஆண்களுக்குத்தான். பெண்களுக்குத் தனியாகக் கிடையாது, அடிமைகளுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் கிடையாது. பிறகு செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் எண்ணெயும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. டெஸ்டாச்சோ மேடு உயர்ந்ததில் அதுக்கும் பங்கு உண்டு.

கப்பல் வராவிட்டால்? கி.பி. 51-இல் கிளாடியஸ் பேரரசர் அதைப் பார்த்தார். நகரத்தில் பதினைந்து நாளுக்கான தானியம்தான் மிச்சம் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். மக்கள் பேரரசரைப் பொது இடத்திலேயே மடக்கினார்கள். காய்ந்த ரொட்டித் துண்டுகளை அவர் மேல் எறிந்தார்கள். காவலர்கள் அவரைக் காப்பாற்றிக் கொண்டு போக வேண்டியதாயிற்று. உலகத்தின் பெரிய படையை வைத்திருந்தவர், ரொட்டிக்காகத் தன் ஊர் ஜனங்களிடமே தப்பித்து ஓடினார்.

கிளாடியஸ் இதை லேசாக விடவில்லை. டைபர் முகத்துவாரத்தில் போர்ட்டஸ் என்ற புதுத் துறைமுகத்தை ஏற்கனவே 42-இல் கட்ட ஆரம்பித்திருந்தார். 10,000 மோடியஸ் பிடிக்கும் கப்பலைக் கட்டி ஆறு வருஷம் ரோமுக்குத் தானியம் ஏற்றினால், முழுக் குடியுரிமை இல்லாத விடுதலை பெற்ற அடிமைகளுக்கு அது கிடைக்கும் என்று சட்டம் போட்டார். புயலில் கப்பல் போனால் நஷ்டத்தைத் தானே ஏற்பதாகவும் சொன்னார்.

அப்படியும் 62-இல் ஒரு புயல், துறைமுகத்துக்கு உள்ளேயே 200 தானியக் கப்பல்களை மூழ்கடித்தது. அப்போது நீரோ என்ன செய்தார் தெரியுமா? கெட்டுப்போன பழைய தானியத்தை எடுத்து எல்லோரும் பார்க்க டைபர் ஆற்றில் கொட்டச் சொன்னார். கையில் நிறைய இருக்கிறது, யாரும் பயப்பட வேண்டாம் என்று ஜனங்களுக்குக் காட்டத்தான்.

பில் யார் கட்டினார்கள்?

இதுவரைக்கும் கேட்டால் ஒரு சந்தோஷமான கதை மாதிரிதான் இருக்கும். பெரிய சந்தை, மலிவான கப்பல், சாதாரண மனிதனுக்கும் எண்ணெய், ரொட்டி, ஒரு சிட்டிகை மிளகு. இதை அப்படியே நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான் ஆகும்.

எகிப்திலிருந்து வந்த கோதுமையைப் பாருங்க. அதில் பெரும்பங்கை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. அது வரி. விவசாயி அறுவடை முடித்ததும் அரசின் பங்கை அளந்து கொடுக்கணும். அதைக் கழுதையில் ஏற்றி ஆற்றங்கரைக் கிடங்குக்குக் கொண்டு போகணும். வழியில் படகுக்காரர் கலப்படம் செய்யக்கூடாது என்பதற்காக, அதே தானியத்தில் கொஞ்சம் ஒரு சின்னப் பானையில் போட்டு முத்திரை வைத்துக் கூடவே அனுப்பினார்கள். தானியத்தின் தரம் அவ்வளவு கவனமாகப் பார்க்கப்பட்டது. விளைவித்தவர் நிலைமை? நீரோ காலத்தில் எகிப்தின் ஃபையூம் பகுதியில் ஆறு கிராமங்களின் வரி வசூலிப்பவர்கள் ஆளுநருக்கு ஒரு மனு போட்டார்கள். ஜனம் நிறைந்திருந்த ஊர்களில் இப்போது சில பேர்தான் மிச்சம், ஏழைகள் ஓடிப்போனார்கள், செத்தும் போனார்கள், நாங்கள் யாரிடம் வசூலிப்போம் என்று. வரி வாங்குகிறவனே இப்படி அழுதிருக்கிறான்.

மதுவுக்கும் ஒரு கதை உண்டு. தெற்கு பிரான்ஸ் கடலடியில், மத்ராக் டி ஜியான் என்ற இடத்தில் கி.மு. முதல் நூற்றாண்டுக் கப்பல் ஒன்று கிடக்கிறது. இத்தாலிய மது நிரப்பிய ஜாடிகள் ஆறாயிரத்துக்கு மேல். பிரான்ஸ் அப்போது கால் நாடு. அங்கே மதுவுக்கு ஏக கிராக்கி, இத்தாலிய வியாபாரிகள் ஒரு ஜாடி மதுவுக்கு ஒரு அடிமையை வாங்கி வருகிறார்கள் என்று அதே நூற்றாண்டில் டியோடோரஸ் எழுதினார். அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பக்கம் மது போனது, மறுபக்கம் மனிதர்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் எங்கே போனார்கள்? சிலர் வீட்டு வேலைக்கு, பலர் தோட்டத்துக்கு, சுரங்கத்துக்கு, மாவு மில்லுக்கு. இரண்டாம் நூற்றாண்டில் அபுலேயஸ் எழுதிய ஒரு நாவலில், கழுதையாக மாறிப்போன நாயகன் ஒரு மாவு மில்லில் மாட்டிக்கொள்கிறான். அங்கே வேலை செய்யும் அடிமைகளைப் பார்க்கிறான். கந்தல் துணி, முதுகெல்லாம் சவுக்குத் தழும்பு, நெற்றியில் சூடு போட்ட எழுத்து, காலில் விலங்கு, மாவுத்தூள் படிந்து வெளுத்துப்போன உடம்பு. கற்பனைக் கதைதான், ஆனால் படித்தவர்களுக்குத் தெரியாத இடத்தை அவர் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், அதே ரொட்டித் தொழிலில் பணம் சம்பாதித்த யூரிசாசெஸ் என்பவர் ரோமில் கட்டிக்கொண்ட கல்லறை இன்றும் நிற்கிறது. தானியம் அரைப்பது, மாவு பிசைவது, சுடுவது, எடை போடுவது எல்லாம் அதன் மேல் செதுக்கியிருக்கிறது. அந்தச் சிற்பத்தில் வேலை செய்பவர்களுக்குப் பெயர் கிடையாது. கல்லறைக்குச் சொந்தக்காரர் பெயர் மட்டும் பெரிசாக இருக்கிறது.

கடைசியாக ஒரு சாட்சி. கேலன் என்ற மருத்துவர். இன்றைய துருக்கியில் பெர்கமம் நகரத்தில் பிறந்தவர், பேரரசர் மார்கஸ் ஆரேலியஸுக்கே வைத்தியம் பார்த்தவர். உணவைப் பற்றி எழுதும்போது, தான் கண்ட பஞ்சத்தைப் பற்றிச் சொல்கிறார். பேரரசின் பல பகுதிகளில் தொடர்ந்து பல வருஷம் பஞ்சம். நகரத்துக்காரர்கள் வழக்கம்போல அறுவடை முடிந்ததும் அடுத்த வருஷத்துக்குத் தேவையான கோதுமையையும் பார்லியையும் பயறையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். கிராமத்துக்காரர்கள் மிச்சம் மீதி இருந்த பருப்பு வகைகளைக் குளிர்காலத்தில் தின்று தீர்த்தார்கள். அப்புறம் மரத்தின் தளிர், குச்சி, காட்டுக் கிழங்கு, வேர், புல். உடம்பெல்லாம் புண்ணும் கட்டியும் வந்தன. என்னென்ன தோல் நோய் வந்தது என்று கேலன் பட்டியலே போடுகிறார்.

இதை நல்லாக் கவனிங்க. பயிர் செய்தவர்கள் கிராமத்தில், அந்த நிலத்துப் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆனால் பசி அவர்களுக்குத்தான் வந்தது. மிச்சம் எவ்வளவு என்பதை முடிவு செய்கிற அதிகாரம் நகரத்தின் கையில் இருந்தது. ரோமில் மக்கள் ரொட்டித் துண்டை எறிந்தால் பேரரசர் துறைமுகம் கட்டுவார். ஃபையூமில் ஒரு விவசாயி யார் மேல் எறிவது? அவனால் செய்ய முடிந்தது ஒன்றுதான், ஊரை விட்டு ஓடுவது. ஓடினான்.

மேடு வளராமல் நின்றபோது

260-களுக்குப் பிறகு டெஸ்டாச்சோவில் ஓடு சேர்வது நின்றது. ஸ்பெயின் எண்ணெயின் இடத்தைப் பெரும்பாலும் ஆப்பிரிக்க எண்ணெய் பிடித்தது. 439-இல் வாண்டல்கள் என்ற இனத்தார் கார்த்தேஜ் நகரத்தைப் பிடித்தார்கள். ஆப்பிரிக்கத் தானியமும் எண்ணெயும் அதுவரை வரியாக ரோமுக்கு வந்துகொண்டிருந்தன. அந்தக் குழாய் அடைந்தது. 10 லட்சம் பேர் இருந்த நகரம் ஆறாம் நூற்றாண்டு நடுவில் சில பத்தாயிரங்களுக்குச் சுருங்கியது. போர், கொள்ளைநோய் என்று காரணங்கள் பல. ஆனால் ஒரு விஷயம் தெளிவு: கடல் தாண்டி வந்த சாப்பாடு நின்ற பிறகு அவ்வளவு பெரிய நகரத்தை யாராலும் நடத்த முடியவில்லை.

நாம முசிறியைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். பேசலாம், தப்பில்லை. ரோமானியத் தங்கம் இங்கே வந்தது உண்மை. ஆனால் அந்தப் பெருமையும் பிளினியின் புலம்பலும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கம். ரெண்டிலும் காசு மட்டும்தான் எண்ணப்படுகிறது. கம்பாக்ஸ் வாங்கிய மிளகு, ரோமில் மாடியறையில் எரிந்த விளக்கு, ஃபையூமில் காலியான வீடு, இதையும் சேர்த்து எண்ணினால்தான் கணக்கு முழுசாகும். 1989 முதல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் டெஸ்டாச்சோவைத் தோண்டி, ஓடு ஓடாகப் படித்துக்கொண்டிருப்பதும் இப்படி எண்ணுகிற வேலைதான்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் சமையலறையில் ஒரு பாக்கெட்டைக் கையில் எடுங்க. எண்ணெயோ, பருப்போ, எதுவா இருந்தாலும். லேபிளைப் படிச்சுப் பாருங்க. எடை இருக்கும், தேதி இருக்கும், கம்பெனி பேர் இருக்கும். 1,800 வருஷத்துக்கு முந்தைய ஜாடியிலும் கிட்டத்தட்ட இதேதான் இருந்தது. அந்த ஆலிவைப் பறித்தவர் பெயர் அதில் இல்லை. உங்க பாக்கெட்டில் இருக்கா?

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.